ஒன்பதுக்கு எட்டு

ரத்தினவேலுக்குப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாது. புல்லில் எது வந்தாலும் அவருக்குப் பூச்சிதான். "மேடம், மூணாவது பாத்தியில பூச்சி விழுந்திருக்கு, பாத்தீங்களா?" என்பார். பூச்சி இல்லை சார், பூஞ்சை என்று முதல் மாதம் முழுக்க ராஜலட்சுமி திருத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாதம் விட்டுவிட்டாள். கோயம்புத்தூரில் ஆறு வருஷம் படித்துப் பயிர் நோயியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருத்தி, டயர் விற்றுக்கொண்டிருந்த ஆளுக்கு எழுத்து கூட்டிக் கற்றுக்கொடுக்க முடியாது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

டயர்க் கடை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனி திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், லாரியில் பாய் போலச் சுருட்டி வந்த புல் இறங்கியதையும், மறுநாள் காலையில் அது பத்து வருஷமாக அங்கேயே முளைத்துக் கிடந்ததுபோல் விரிந்திருந்ததையும் ரத்தினவேல் பார்த்தார். அன்றோடு அவருக்கு டயர் மேல் இருந்த ஆசை போய்விட்டது. கெலமங்கலம் சாலையில் பதினோரு ஏக்கர் பிடித்தார். கொரியன் புல், மெக்சிகன் புல் என்று வாயில் வந்த பெயர்களைச் சொல்லி வளர்த்து, பாயாக வெட்டி விற்றார். அதோடு நின்றிருந்தால் அவர் ஒரு சாதாரண வியாபாரி. டயர் கம்பெனிக்காரர்கள் டீலர்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போன கடைசிப் பயணத்தில், ஹோட்டல் வாசலில் இருந்த புல்லில் ஒரு கைப்பிடியைப் பிடுங்கி, ஈரத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பெருக்கி, தன் பெயரில் பாதியைக் கொடுத்து, 'ரத்னா கிரீன்' என்று பெயர் வைத்தார். நோயே வராத புல் என்று நோட்டீசும் அடித்துவிட்டார்.

நோய் வராது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று ராஜலட்சுமி வேலையில் சேர்ந்த அன்றே கேட்டாள்.

"ஹோட்டல்ல வரலையே, மேடம்" என்றார் ரத்தினவேல்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியைத் தாண்டி, ஒரு பெங்களூர் கட்டுமானக் கம்பெனி கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வில்லாக்கள் கட்டிக்கொண்டிருந்தது. அந்த மைதானத்துக்குத் தன் புல்லைத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. அவர்கள் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். அறிக்கைக்குக் கீழே கையெழுத்துப் போட, பெயருக்குப் பின்னால் எழுத்துக்கள் உள்ள ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் தன்னை எடுத்திருக்கிறார் என்பது ராஜலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். கணவன் தங்கதுரை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கரன்கோவிலிலிருந்து வந்து இரண்டு வருஷம் வாடகை வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, படித்த படிப்பின் பக்கத்தில் வந்த முதல் வேலை அதுதான்.

பரிசோதனையை மட்டும் அவள் ஒழுங்காக அமைத்தாள். ஆறு புல் ரகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்திகள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம், ஒரே உயரத்தில் வெட்டு. மருந்து கிடையாது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பாத்திக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். ஒன்பது என்றால் நோயின் சுவடே இல்லை. ஒன்று என்றால் புல்லே இல்லை. சீட்டுப் போட்டு எடுத்ததைப் பார்த்த ரத்தினவேல், "நல்ல நேரம் பாத்துச் செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். அதை அன்று வீட்டில் தங்கதுரையிடம் சொல்லி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த வருஷம், 2007-இல், அக்டோபர் மழை விட்டுவிட்டுப் பெய்தது. காலையில் எட்டு மணி வரை பனி இறங்கியது. ஒரு புதன்கிழமை ராஜலட்சுமி பாத்திகளுக்குப் போனபோது, புல்லின் மேல் ஆங்காங்கே சிலந்தி வலைபோல் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. வெயில் ஏறினால் அது இருந்த இடம் தெரியாது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வைக்கோல் நிறத்தில் வட்டங்கள் தெரிந்தன. ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள். நடுவில் வெளுத்து இடுப்பு சிறுத்து, இரண்டு ஓரத்திலும் செம்பழுப்புக் கோடு ஓடியது. பாடத்தில் படித்த அதே நோய். டாலர் நாணயத்தின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். இவ்வளவு அழகாக அது வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

மாதம்மாள் வட்டங்களை எண்ணுவதற்கான கம்பிச் சட்டத்தைப் பாத்தியின் மேல் வைத்தாள். கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வருபவள். முப்பத்தைந்து வயது இருக்கும். களை எடுக்க வந்தவளை, கை நிதானமாக இருக்கிறது என்று ராஜலட்சுமி இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

"இது எத்தினி மேடம்?"

"ஏழு."

"இது?"

ராஜலட்சுமி குனிந்து எண்ணினாள். எண்ணத் தேவையே இல்லை. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பாத்தியில் பாதி வெந்ததுபோல் கிடந்தது.

"மூணு."

மாதம்மாள் ரகத்தின் பெயர் எழுதிய முளைக்குச்சியைத் திருப்பிப் பார்த்தாள். "இது மொதலாளி புல்லுங்க."

"தெரியும். மூணுன்னா மூணுதான்."

நான்கு ரத்னா கிரீன் பாத்திகளுக்கும் மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. மற்ற ஐந்து ரகங்களில் எதுவும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. ராஜலட்சுமி தாளை எடுத்துக்கொண்டு நேராக ரத்தினவேலின் அறைக்குப் போனாள். அவருடைய முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது.

"ஒம்போதுக்கு மூணா? அப்ப ஃபெயிலா?"

"ஆமா சார்."

"மத்ததெல்லாம் பாஸ். நம்மளுது மட்டும் ஃபெயில்." அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "எதனால மேடம் இந்தப் பூச்சி வருது?"

அன்று அவள் பொறுமையை இழந்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக, ஏளனம் நன்றாகத் தெரியும்படி சொன்னாள். இது பூச்சி இல்லை சார், பூஞ்சை. அதற்குக் கால் இல்லை, இறக்கை இல்லை. இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருக்க வேண்டும். அதனால்தான் சாயங்காலம் தண்ணீர் விடக்கூடாது என்பது. யூரியா குறைந்து புல் பசியில் கிடந்தால் இன்னும் வேகமாகப் பரவும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தைக்கூட ராத்திரி நனைத்துப் பட்டினி போட்டால் நோயில் தள்ளிவிடலாம். எதிர்ப்புச் சக்தி இல்லாத ரகத்தை மருந்து அடித்துக் கொஞ்ச நாள் பச்சையாகக் காட்டலாம். ஆனால் ரகம் மாறாது. புரிகிறதா?

ரத்தினவேல் ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "புரியுது மேடம். நீங்க சொல்லித் தந்தாத்தான் எங்களுக்கெல்லாம் புரியும்" என்றார்.

அவர் நோட்ஸ் எடுத்த கதையையும் அவள் அன்று வீட்டில் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஓசூர் போகும் வேனுக்காக அவள் கேட்டருகே நின்றிருந்தபோது, பாத்திப் பக்கம் குரல் உயர்ந்தது. போய்ப் பார்த்தாள். மேஸ்திரி வெங்கடப்பன் ஒரு கையில் மருந்துத் தெளிப்பானும் ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் வைத்திருந்தான். மாதம்மாள் எதையும் வாங்காமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"மேடம், நீங்களே கேளுங்க" என்றாள் அவள். "மொதலாளி புல்லுக்கு மட்டும் மருந்து அடிக்கணுமாம். மத்த பாத்திங்களுக்கு இருட்டறப்பத் தண்ணி விடணுமாம். உரமும் வெக்கக் கூடாதாம். நல்லாக் கெடக்கறத இன்னாத்துக்குங்க கெடுக்கணும்?"

ராஜலட்சுமிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. விசிட்டிங் கார்டில் அவர் குறித்துக்கொண்டது என்ன என்பதும் விளங்கியது. தன்னுடைய வாயிலிருந்து போனது அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல், குழாயும் தெளிப்பானுமாகத் திரும்பி வந்து நிற்கிறது. இந்த ஆளுக்கா ஒன்றும் தெரியாது என்று நினைத்தோம் என்று முகம் சுட்டது. அந்தச் சூட்டை அவள் மாதம்மாளின் பக்கம் திருப்பினாள்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? சொன்னதச் செஞ்சிட்டுப் போயேன்."

"நீங்கதானங்க வாராவாரம் குந்திக்கினு எண்றீங்க? இப்பிடிப் பண்ணிப்புட்டு அப்பறம் எண்ணறதுக்கு இன்னா இருக்குது?"

"நான் எண்ணுறத நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

மாதம்மாள் அவளை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பிறகு கம்பிச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை. பக்கத்தில் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் பூ வெட்டப் போகிறாள் என்று வெங்கடப்பன் சொன்னான். "புல்லுக்கு ஞாயம் கேக்கறா, பைத்தியக்காரி" என்று சிரித்தான். ராஜலட்சுமியும் சிரித்து வைத்தாள். லேசான வேலையை விட்டுவிட்டு முள்ளில் கை கிழிபடப் போயிருக்கிறாளே, எவ்வளவு முட்டாள் என்று நினைத்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தங்கதுரையிடம் இதையும் கதையாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவன் சிரிப்பதை நிறுத்தினான்.

"நீ அவருட்ட என்ன சொன்ன?"

"அந்த ஆளுட்டப் போயி என்னத்தச் சொல்ல? பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன். அவரு ரிப்போர்ட்ட யாரு படிக்கப் போறா? சும்மா நாலு பேரு பைலுல சொருகி வைப்பாவ."

"அப்போ நீ கையெழுத்துப் போடுவியா?"

"இதெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா? இதுல போட்டா என்ன, போடாட்டா என்ன?" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நவம்பர் கடைசி வாரம் கட்டுமானக் கம்பெனியின் ஹரீஷ்குமார் வந்தான். கோல்ஃப் மைதானத்துக்குப் பொறுப்பானவன். வெளிநாட்டில் படித்தவன் என்று ரத்தினவேல் நான்கு முறை சொல்லியிருந்தார். வெள்ளை ஷூ போட்டிருந்தான். ஈரப் புல்லில் அது அழுக்காகிவிடுமோ என்று பாத்திகளுக்கு நடுவே சிமென்ட் வரப்பிலேயே நடந்தான். ஒரு தடவைகூடக் குனியவில்லை. ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை. ரத்னா கிரீன் பாத்திகள் நான்கும் கரும்பச்சையாக மினுங்கின. மற்ற இருபதும் சொறி பிடித்த நாய்போல் கிடந்தன. கிட்டப் போய் முகர்ந்தாலே மருந்து வாசனை தெரிந்திருக்கும். இவனெல்லாம் படித்தவனா என்று ராஜலட்சுமி மனதுக்குள் துப்பினாள்.

"வித்தியாசம் நன்னா தெரியறது" என்றான் ஹரீஷ்குமார், பெங்களூர்த் தமிழில். "மேடம், நம்பர்ஸ்?"

அறிக்கையை அவள் முந்தைய நாளே தயார் செய்திருந்தாள். ரத்னா கிரீனுக்கு ஒன்பது போடச் சொல்லியிருந்தார் ரத்தினவேல். ஒன்பது போட்டால் விவரம் தெரிந்தவன் எவனும் நம்பமாட்டான், எந்த ரகமும் இந்தப் பனியில் முழுச் சுத்தமாக இருக்காது, எட்டு போட்டால்தான் உண்மையாகத் தெரியும் என்று அவளே சொல்லி எட்டாக்கினாள். அதைச் சொன்னபோது, எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறோம் என்று ஒரு சின்னத் திருப்தியும் அவளுக்கு இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் எழுத்துக்களையும் போட்டாள்.

அதற்குப் பிறகு லாரிகள் போயின. பொங்கல் கழிந்து மூன்று மாதம், எல்லைச் சோதனைச்சாவடியில் சுருள் சுருளாக ரத்னா கிரீன் வரிசையில் நின்றது. மைதானத் திறப்புக்கு ரத்தினவேல் கோட்டு போட்டுக்கொண்டு போனார். வெயில் காலத்தில் புல் பிரமாதமாக இருந்தது. வெயிலில் எந்தப் புல்லும் பிரமாதமாகத்தான் இருக்கும். ராஜலட்சுமி பழைய பாத்திகளை உழுதுவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து நோட்டீசுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த அக்டோபரில் போன் வந்தது. ரத்தினவேல் அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளிப் பக்கம் ஓட்டினார். வழி முழுக்க, தண்ணீர் சரியில்லை, மண் சரியில்லை, கர்நாடகக்காரர்கள் நம் புல் என்றாலே குறை சொல்வார்கள் என்று பேசிக்கொண்டே வந்தார். "நீங்க கொஞ்சம் இங்லீஷ்ல எடுத்து விடுங்க மேடம். பயந்துருவாங்க" என்றார்.

மைதானத்தில் இறங்கியதும் அவள் நின்றுவிட்டாள். நாணய அளவெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. வட்டங்கள் தட்டாகி, தட்டுகள் முறமாகி, கொடி நட்ட குழியைச் சுற்றி ஒரு ஏக்கருக்குப் பழைய கூரை வைக்கோலைப் பரப்பியதுபோல் இருந்தது. பள்ளத்தில் நிழல் விழும் இடங்களில் இன்னும் வெள்ளை நூல் மின்னியது. பாதி கட்டிய வில்லாக்களில் வேலை நின்றுபோயிருந்தது. வீட்டுச் சந்தை விழுந்துவிட்டதாம். இருந்தாலும் வாங்கியவர்கள் வந்து பார்த்துக் கத்துகிறார்களாம்.

ஹரீஷ்குமார் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தான். இந்த முறை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு ஆள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஐம்பது வயது. கையெல்லாம் காய்ப்பு.

"ஏனு மேடம், இதுதான் எட்டா?" என்றான் ஹரீஷ்குமார்.

ரத்தினவேல் முந்திக்கொண்டார். "சார், புல்லு மேல தப்பே இல்ல. ரிப்போர்ட் இருக்குது. மேடம் ஒரு வருஷம் எண்ணிப் பாத்துப் போட்டது. பராமரிப்புல எங்கியோ மிஸ்டேக்."

"அதுதான் நாங்களும் சொன்னோம்." ஹரீஷ்குமார் பின்னால் நின்றவனைக் கையால் காட்டினான். "கோவிந்தப்பன். இவன்தான் இங்கே தலைமைத் தோட்டக்காரன். ரிப்போர்ட்ல நோய் வராதுன்னு போட்டிருக்கு. அப்போ இவன்தானே கெடுத்திருக்கணும்? போன வாரமே அனுப்பியாச்சு. நீங்க வரீங்கன்னு கேட்டு வந்து நிக்கறான். ஆள் சப்ளை பண்ற காண்ட்ராக்டர் இவனை வேற எந்த சைட்லயும் எடுக்க மாட்டான். நீங்க வந்து அதை எழுதிக் குடுத்தா எங்க சேர்மனுக்குக் காட்டிக்கலாம்."

கோவிந்தப்பன் தளி பக்கத்து ஆள். அவனுடைய தமிழில் தெலுங்கு கலந்திருந்தது. "அம்மா, காலம்பறதான் தண்ணி விட்டேன். சாயங்காலம் விட்டதே இல்ல. வெட்டின புல்லக் கூட்டி எடுத்துருவேன். இவங்க குடுத்த மருந்தெல்லாம் அடிச்சேன். என்ன பண்ணியும் நிக்கல. பதினெட்டு வருசமா இந்த வேல செய்யறேம்மா. இந்த மாதிரி புல்லு நான் பாத்ததே இல்ல."

அவன் சொன்னது எல்லாம் சரி. ஒரு நிபுணர் செய்யச் சொல்லியிருக்கக்கூடியதை ஒன்று விடாமல் செய்திருக்கிறான். ராஜலட்சுமி குனிந்து ஒரு இலையைக் கிள்ளினாள். நடுவில் இடுப்பு சிறுத்த அதே வெளுப்பு. போன வருஷம் இதை மூன்று என்று சொன்ன வாய் அவளுடையது. எட்டு என்று எழுதிய கையும் அவளுடையதுதான். ரத்தினவேலை எத்தனையோ நாள் கேலி செய்தாள். ஹரீஷ்குமாரின் ஷூவைக் கேலி செய்தாள். அவ்வளவு கேவலமாக அவர்களை நினைத்ததாலேயே, தன் கையெழுத்து எங்கேயும் போய் யாரையும் தொடாது என்று நினைத்திருந்தாள். இந்த மனிதனின் பெயரைக்கூட அவள் கேள்விப்பட்டதில்லை.

"இவர் மேல தப்பு இல்ல" என்றாள். "ரிப்போர்ட்தான் பொய்."

ரத்தினவேல் சிரிப்பதுபோல் ஏதோ செய்தார். "மேடம் டயர்டா இருக்காங்க சார்."

"இந்த ரகத்துக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது. எனக்கு வந்தது மூணு. நீங்க வர்றதுக்கு முன்னால இதுக்கு மட்டும் மருந்து அடிச்சாங்க. மத்ததுக்கு ராத்திரி தண்ணி விட்டாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் நான் எட்டுன்னு எழுதினேன்."

ஹரீஷ்குமார் ஃபைலைத் திறந்து, அறிக்கையைப் பார்த்துவிட்டு மூடினான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், இதை நான் மேலே எடுத்துட்டுப் போனா, நீ என்னத்தைப் பார்த்து செலக்ட் பண்ணேன்னு என்னையே கேப்பாங்க. நான் அன்னைக்குச் சரியாப் பார்க்கலைன்னு நானே சொல்லணுமா? விடுங்க. நீங்க பேசினது எனக்குக் கேக்கலை. தோட்டக்காரன் விஷயம் முடிஞ்ச விஷயம்."

"கரெக்ட் சார், கரெக்ட்" என்றார் ரத்தினவேல், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. இருவரும் ஒரு நொடியில் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். பேசிக்கொண்டே மைதான ஓரத்தில் இருந்த கூடாரத்துப் பக்கம் நடந்தார்கள். டீ வந்தது.

கோவிந்தப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். ராஜலட்சுமி கைப்பையைத் திறந்து, நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தாள். கார் பானெட்டின் மேல் வைத்து எழுதினாள். தமிழில் ஒன்று, காண்ட்ராக்டருக்குக் காட்ட ஆங்கிலத்தில் ஒன்று. புல் இயல்பிலேயே நோய்க்கு ஆளாகும் ரகம் என்றும், இந்த நோய்க்கும் தோட்டக்காரரின் பராமரிப்புக்கும் சம்பந்தமில்லை என்றும், முந்தைய அறிக்கை பொய்யானது என்றும், தெரிந்தே அதில் கையெழுத்திட்டவள் தான்தான் என்றும் எழுதி, முழுப் பெயரும் தேதியும் போட்டாள். பெயருக்குப் பின்னால் வழக்கமாகப் போடும் எழுத்துக்களைப் போடப் போய், ஒரு கணம் தயங்கி, இப்போதுதான் அதற்கு வேலை இருக்கிறது என்று போட்டாள்.

"இத வச்சுக்கோங்க. காண்ட்ராக்டர்ட்டக் காட்டுங்க. நம்பாட்டி என் நம்பர் இருக்கு, எனக்குப் போன் போடச் சொல்லுங்க."

அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குத் தமிழ் எழுத்து வராதும்மா. நான் படிச்சது தெலுங்கு. நீங்களே படிங்க."

அவள் படித்தாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டான்.

"கடைசி வரிய இன்னொரு தபா படிங்க."

"முந்தைய அறிக்கை பொய்யானது என்று தெரிந்தே அதில் கையெழுத்திட்டேன்."

"அப்போ உங்களுக்குப் போன வருசமே தெரியும்."

"தெரியும்."

"நான் இந்தப் புல்லுக்கு மொத மொத தண்ணி விட்டப்பவே தெரியும்."

"ஆமா."

கோவிந்தப்பன் அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. அவன் தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வில்லாக்களுக்கு நடுவே இருந்த மண் பாதையில் நடந்தான்.

ரத்தினவேல் டீ குடித்துவிட்டு வந்து காரின் கதவைத் திறந்தார். "ஏறுங்க. பேசிக்கலாம்."

"நீங்க போங்க சார்."

"மேடம், என்னக் காலி பண்ணணும்னு நெனச்சிருந்தா அன்னைக்கே பண்ணிருக்கலாம். இப்ப யாருக்கு இன்னா லாபம்?" அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவளைத் தாண்டிக் கார் தூசியைக் கிளப்பியது.

அத்திப்பள்ளி வரை நடந்தாள். ஓசூர் பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தது. மறுநாள் வெங்கடப்பன் அவளுடைய டிபன் பாக்ஸையும் இரண்டு புத்தகங்களையும் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மொதலாளி வரவேண்டாம் என்று சொன்னார் என்றான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்று கேட்டான் தங்கதுரை.

"சொல்லிட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த மனுசனுக்கு வேல போயிருக்காதுல்லா?"

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

காண்ட்ராக்டர் மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார். கடிதம் எழுதியது நீங்கள்தானா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனித் தோட்டத்துக்குக் கோவிந்தப்பனை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். தலைமைத் தோட்டக்காரனாக இல்லை, சாதாரண ஆளாக. மைதானத்துக்கு அவனைத் திருப்பி எடுக்கவில்லை. அங்கே புல்லைப் பிடுங்கிவிட்டு வேறு போடுவதாக ஏற்பாடு. அதை ரத்தினவேலிடமே வாங்குகிறார்கள். அதே புல்தானா என்று அவள் கேட்டாள். இல்லையாம், ரத்னா கோல்ட் என்று ஒரு புது ரகமாம். அதற்கும் எங்கிருந்தோ ஒரு அறிக்கை இருக்கிறதாம்.

"யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

காண்ட்ராக்டருக்குத் தெரியவில்லை. யாரோ மேடம்தான் என்றார்.

ராஜலட்சுமி போனை வைத்துவிட்டு, தன் கடிதத்தின் ஆங்கில நகல் ஒன்றை எழுதத் தொடங்கினாள். மேலே ஹரீஷ்குமாரின் பெயரைத் தாண்டி, அவனுடைய சேர்மன் பெயரை எழுதினாள். சேர்மன் படிப்பார் என்று அவள் நம்பவில்லை. அவரும் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. ஆனாலும் நான்கு பாத்திகளுக்கும் வந்த உண்மையான எண்களை, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மத்தியானத் தபாலுக்குள் சேர்ப்பதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.